கன்னியப்பன் பேரில் விழுந்த கைநாட்டு

மாதனூர்
1922, ஆடி 9

சௌபாக்கியவதி அமிர்தவள்ளிக்கு அப்பா துரைசாமி ஆசி சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், தாராவியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க மாரியாத்தா காக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லக் தோல் பதனிடும் கிடங்கின் முன்ஷி நிசார் அஹமது எழுதுகிறார், நடுவில் நான் திட்டுவதை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன் கன்னியப்பன் பட்டாளத்துக் கூலியாகப் பஸ்ரா போய்ச் செத்தான் என்று சர்க்கார் காகிதம் வந்து, நாம் கருமாதி பண்ணி ஐந்து வருஷமாகிறது. அவனுக்காக எங்களுக்கு நாலு வருஷமாக மாதம் நாலு ரூபாய் பென்ஷன் கொடுத்தார்களே, இப்போது அதே சர்க்கார் நோட்டீஸ் விட்டது. அவன் சாகவே இல்லையாம், போன வருஷம் பம்பாய்ப் பட்டாள டிப்போவுக்கு நடந்து வந்து பாக்கிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனானாம், ஆகையால் இதுவரை வாங்கிய நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாயைத் திருப்பிக் கட்டு, இல்லாவிட்டால் வீடு ஜப்தி என்று. அக்கிரமமா இல்லையா பார்.

ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டேன். குமாஸ்தா இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், பட்டாளத்தில் சேர்ந்த அன்று உன் அண்ணன் வைத்த கைநாட்டு ஒன்று, பம்பாயில் வைத்தது ஒன்று. இரண்டிலும் ஒரு ரேகைகூட இல்லை, மொழுக்கென்று கறுப்பு வட்டம். இன்னாய்யா, ரெண்டும் ஒண்ணுதானே, புள்ளை உசுரோட கீறான்னு சந்தோஷப்படாம பேஜார் பண்றியே என்றார். வந்தவன் அம்மா பேர் எல்லம்மா, தங்கச்சி பேர் அமிர்தவள்ளி என்று எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். அந்த வட்டம் கண்ணில்லாத முகம் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவன் விரலில் ரேகை ஏது, சுண்ணாம்பு தின்றுவிடும், உன் அண்ணனும் குழியிலிருந்து நேரே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவன். அதைக் காட்ட, எங்கள் குழி ஆட்கள் எட்டுப் பேரும் ஒரே காகிதத்தில் கைநாட்டு வைத்தோம். எட்டும் ஒன்று. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் காகிதத்தோடு, என் மகன் செத்தவன்தான், வந்தவன் வேறு ஆள் என்று சத்தியம் செய்து மனு கொடுத்தேன். நேற்று ஆர்டர் வந்தது, பணம் கட்ட வேண்டாம்.

ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தால் உன் அம்மா படுத்த பாயை விட்டு எழவில்லை. எட்டும் ஒண்ணுன்னா, வந்தவன் அவன் இல்லைன்னு நீ எப்படிச் சொன்னே, அவனாவே இருக்கக் கூடாதா என்கிறாள்.

அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. குழியை விட்டு நின்றால் இரண்டு மாதத்தில் ரேகை திரும்ப முளைத்துவிடும். அப்படியானால் பம்பாயில் கைநாட்டு வைத்தவன் யாராக இருந்தாலும், அங்கேயே ஏதோ சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். தாராவியில்தான் அத்தனை தோல் கிடங்கும் இருக்கிறது. உன் வீட்டு வழியாகக்கூடத் தினமும் போகிறவனாக இருக்கலாம்.

குழந்தை உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் விடாதே, நூறு வயசு நன்றாக இருக்கட்டும். மாப்பிள்ளையைக் கிடங்கு கிடங்காக விசாரிக்கச் சொல். யாராவது அண்ணன் என்று வாசலில் வந்து நின்றால் விரட்டாதே, முதலில் சோறு போடு, பேச விடு, உனக்குத் தெரிந்துவிடும். அவனாக இருந்தால் நான் பொய்ச் சத்தியம் பண்ணினவன், ஜெயிலில் போடட்டும், வீட்டையும் எடுத்துக்கொள்ளட்டும், கையோடு கூட்டிக்கொண்டு வா. வந்தவன் அவன் இல்லையென்றால் எங்களுக்கு ஒரு வரியும் எழுதாதே.

இப்படிக்கு உன் அப்பா,
துரைசாமி
(சொல்லக் கேட்டு எழுதியது நிசார் அஹமது)