ரத்தான சான்றோடு கரையேறிய கீசர்கள்

அனுப்புநர்:
வஸீலா ஹம்லாவி,
பள்ளி வேன் ஓட்டுநர்,
மேட்டுக் குடியிருப்பு, மூன்றாம் கட்டடம்,
செதிஃப்.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இறக்குமதிப் பொருள் தரக் கண்காணிப்பு இயக்ககம்,
அல்ஜியர்ஸ்.

பொருள்: தரச்சான்று ரத்தான பிறகும் நாட்டுக்குள் வந்து, இப்போது வீடுகளில் எரிந்துகொண்டிருக்கும் எரிவாயு கீசர்களைத் தேடித் திரும்பப் பெறுதல், சான்று விவரங்கள் தொழிற்சாலை முதல் கடை வரை ஒரே எண்ணில், ஒரே வடிவில் போய்ச் சேர வழி செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி நஜீமின் மனைவி ஃபெரூஜா, கடந்த ஜனவரியில், யென்னாயர் புத்தாண்டுப் பண்டிகையன்று பிற்பகலில் தன் வீட்டுக் குளியலறையில் இறந்துபோனாள். அவளுக்கு வயது இருபத்தாறு. விருந்துக்கு நான் கோழி வாங்கிக்கொண்டு போனபோது, நஜீம் குளியலறைக் கதவை உடைத்து அவளை வெளியே இழுத்துப் போட்டிருந்தான். குஸ்குஸ் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் சூடாகவே கொட்டிக்கொண்டிருந்தது.

2. புகைக்குழாய் சரியாகத்தான் பொருத்தப்பட்டிருந்தது. அன்று அடித்த காற்றில் புகை திரும்பி உள்ளே வந்துவிட்டது. அப்படி வந்தால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் பாகம் ஒன்று கீசருக்குள் இருக்க வேண்டுமாம். மீட்புப் படைக்காரர் மூடியைக் கழற்றிக் காட்டினார். அந்தப் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

3. கீசரை விற்ற இஸ்ஸெத்தீனின் கடைக்குச் சண்டை போடத்தான் போனேன். அவர் பெட்டியோடு வந்த தரச்சான்று நகலை எடுத்து வைத்தார். பாதுகாப்புப் பாகம் உண்டு என்று அதில் அச்சாகியிருந்தது. "அக்கா, முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கணும்? ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் போட்டுட்டா விக்க முடியும்?" என்றார். திட்டப் போனவள் நகலை வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

4. சான்று தந்த வெளிநாட்டு ஆய்வகத்துக்கு எழுதினேன். அந்தச் சான்றை முந்தைய ஆகஸ்ட் மாதமே ரத்து செய்துவிட்டதாகப் பதில் வந்தது. சான்று வாங்கிய பிறகு தொழிற்சாலை அந்தப் பாகத்தை விட்டுவிட்டு உற்பத்தி செய்ததைச் சந்தைச் சோதனையில் கண்டுபிடித்தார்களாம். ரத்து விவரம் ஆய்வகத்தின் இணையதளத்தில் இருப்பதாகவும், சான்று எண்ணைத் தட்டினால் எவரும் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். கப்பல் நம் கரைக்கு வந்தது அக்டோபரில். ஐயா, அந்த எண்ணை இங்கே யாரும் தட்டவில்லை.

5. ஏன் தட்டவில்லை என்று கேட்கத் துறைமுகத்துக்குப் போனேன். பல சன்னல்களில் நின்ற பிறகு, ஒரு அதிகாரி மட்டும் உட்காரச் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா, எங்க கணினியில இது 'வீட்டு உபயோக நீர்ச்சூடேற்றி'. அவ்வளவுதான். சான்றுல தொழிற்சாலை வச்ச பேரு. பெட்டி மேல இறக்குமதி பண்ணவர் வச்ச பேரு. மூணும் ஒண்ணுதான்னு எனக்கு யாரு சொல்றது? நகல் வந்துச்சு, பார்த்தேன், விட்டேன். அது ரத்தாயிருச்சுன்னு அந்தக் காகிதமா எந்திரிச்சு வந்து சொல்லும்?" என்றார். பிறகு மெதுவாக, "இங்க என்னை மாதிரி எத்தனை பேரு, வர்ற சரக்கு எவ்வளவுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். கோபமாகப் போன நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். 

6. ஆக, ஆய்வகத்துக்கு உண்மை தெரியும், அவர்கள் எண்ணில். துறைமுகத்துக்குச் சரக்கு தெரியும், அவர்கள் எண்ணில். கடைக்காரருக்கு வாங்கியவரின் முகம் தெரியும், எண்ணே இல்லாமல். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவரைப் போய்ச் சேரவில்லை. ஆய்வகத்தாரிடம் மறுபடி கேட்டபோது, ஒவ்வொரு நாட்டுத் துறைமுகமும் ஒவ்வொரு வடிவத்தில் விவரம் கேட்பதால், பொது வடிவம் ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும் கணினி வழியே உடனுக்குடன் அனுப்புகிறோம், மற்றவர்களுக்குக் காகிதம்தான் என்றார்கள். அந்த மற்றவர்களில் ஒருத்திதான் ஃபெரூஜா.

7. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கப்பலில் ஒரு கீசரா வந்திருக்கும்? வேன் ஓட்டும்போது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாயைத்தான் பார்க்கிறேன். இரண்டு முறை சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன். நஜீம் இப்போது என் வீட்டில் இருக்கிறான். குழாயைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். ஒரு நாள், "நீ கீசரத் தேடுறக்கா. நான் என்னத்தத் தேட?" என்றான். நான் கீசர் தேடி அடுத்த தெருவுக்குப் போனேன்.

8. இந்த மாதத் தொடக்கத்தில் நடந்ததைத் தாங்கள் தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டும். என் வேனில் வரும் தினா என்ற சிறுமி தொடர்ந்து காலையில் தலைவலி என்றாள். ஒரு நாள் வாந்தி எடுத்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. மற்றப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கீசரைப் பார்க்க வேண்டும் என்றதும் அவள் தாய் தாவுஸ், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்றபடி, "டிரைவரம்மா, வண்டிய ஓட்டுறது உங்க வேலை. எங்க குளியலறையில என்ன வேலை?" என்றாள். "திட்டு, எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா சன்னலத் திறந்து வச்சுட்டுத் திட்டு" என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டேன்.

கீசரின் மேல் வேறு பெயர், வேறு நிறம். ஒரு நிமிடம் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அடித்தகட்டில் அதே தொழிற்சாலையின் வரிசை எண். அதே இரண்டு ஓட்டைகள். எரிவாயுவை மூடிவிட்டு மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். தாய், மகள் இருவர் இரத்தத்திலும் அந்த நஞ்சு இருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் தாவுஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "மத்த வீட்டுல?"

9. இப்போது நாங்கள் இருவரும் மாலையில் வீடு வீடாகப் போகிறோம். இதுவரை இன்னும் நான்கு கிடைத்திருக்கின்றன. சில வீடுகளில் தேநீர் தருகிறார்கள்; சில வீடுகளில் விற்பனைக்காரிகள் என்று விரட்டுகிறார்கள். இறக்குமதியாளர் எந்தெந்தக் கடைகளுக்குக் கொடுத்தார் என்று எங்களிடம் சொல்ல மறுக்கிறார். தாங்கள் கேட்டால் சொல்வார்.

10. ஆகவே, அந்தக் கப்பலில் வந்த கீசர்கள் போன கடைகள், ஊர்களின் பட்டியலை இறக்குமதியாளரிடமிருந்து உடனே பெற்று, வானொலியிலும் பள்ளிவாசல்களிலும் அறிவிக்க ஆணையிட வேண்டுகிறேன். இது இந்த வாரமே நடக்க வேண்டியது.

இனி வரும் சரக்குக்கு, சான்றின் நகலை ஏற்காமல், சான்று உயிரோடு இருக்கிறதா என்பதைத் துறைமுகக் கணினியே ஆய்வகக் கணினியிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளும் முறையைக் கொண்டுவர வேண்டுகிறேன். அதற்கு மற்ற நாடுகளோடு ஒரே வடிவத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமாம், ஒப்புக்கொள்ளுங்கள். தொழிற்சாலை தரும் எண், பெயர் மாறினாலும் நிறம் மாறினாலும், சான்றிலும் சுங்கத்திலும் பெட்டியிலும் கடை ரசீதிலும் மாறாமல் வரட்டும். ஓரிடத்தில் ரத்தானால் அந்தச் செய்தி எல்லா இடத்துக்கும் தானாகப் போகட்டும். நான் அதிகம் படித்தவள் அல்ல. இதைவிடச் சரியான சொற்களில் எழுதத் தங்கள் அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள்.

11. இது நஜீம் சேர்க்கச் சொன்னது. நேற்று இந்த மனுவை வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அவ செத்தது அந்த ஆய்வகத்துக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது, ஐயா. நகராட்சிப் பதிவில் ஃபெரூஜாவின் மரணம் 'வீட்டு விபத்து'. எந்தக் கருவி, எந்த எண் என்று எழுத அதில் இடமே இல்லை. சான்று இங்கே வந்து சேரவும் வழியில்லை. சாவு அங்கே போய்ச் சேரவும் வழியில்லை.

அந்தக் கீசரின் எண்ணை இணைத்திருக்கிறேன். அவள் பெயரை அதோடு சேர்த்துப் பதிந்து, அந்தப் பதிவை எல்லா நாடுகளுக்கும் அனுப்புங்கள். இனி எந்தத் துறைமுகத்தில் யார் அந்த எண்ணைத் தட்டினாலும், சரக்கை விடுவதற்கு முன் அவள் பெயரைப் படிக்கட்டும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,

இடம்: செதிஃப்
நாள்: 21 நவம்பர்

இப்படிக்கு,
வஸீலா ஹம்லாவி

உடன் கையொப்பமிடுவோர்:
நஜீம் ஹம்லாவி, ஃபெரூஜாவின் கணவன்
தாவுஸ் பென்யாலா, தினாவின் தாய்

இணைப்பு: சான்று நகல், ஆய்வகத்தின் பதில், கீசர்களின் அடித்தகட்டுப் படங்கள், ஆறு.