இரைச்சல் அடங்கிவிட்டது, மாமா

அன்பும் வம்பும் குறையாத மாமாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இரைச்சலை ஒழித்துவிட்டேன். நீங்கள் ‘வண்டு’ என்று பேர் வைத்தீர்களே, அதேதான். மந்தைவெளி வீட்டு முன்னறையில் எலெக்ட்ரிக் கிட்டாரைச் செருகியதும் ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்ம்’ என்று கிளம்பி, டேப்பில் பாட்டைவிடப் பெரிதாகப் பதிவாகுமே, அது இனி இல்லை. கிண்டியில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுகிறவன் நான். ஒரு வண்டிடம் தோற்பேனா?

நீங்கள் இருந்தவரை தோற்றுத்தான் போயிருந்தேன். அதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மஞ்சள்காமாலை உங்களை அக்காவிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் அக்கா, நீங்கள் மெட்டுப் போட்டு வாசித்த டேப்பை எடுத்துக்கொண்டு தி. நகரில் அந்த நாடகக்காரரைப் பார்க்கப் போனாள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றே உங்களை அலையவிட்டாரே, அவர்தான். கொஞ்ச நேரம் கேட்டார்.

“மெட்டு நல்லாத்தாம்மா கீது. ஆனா இன்னா இது, மாவு மெஷின் பக்கத்துல குந்திக்கினு வாசிச்சாரா? சுத்தமா ஒரு டேப் குடு. புது நாடகம் இந்த மெட்டுலதான் ஆரம்பிக்கும். பத்து நாள்தான் டைம்” என்றார்.

அந்த மெட்டு வேறு யாருக்குத் தெரியும்? அக்காவின் விரல்களுக்கு மட்டும்தான். நீங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு கிட்டாரை எடுத்துத் தடவித் தடவி அவளாகவே பழகியிருக்கிறாள். உங்களுக்கு இது தெரியுமா மாமா? எனக்குத் தெரியவே தெரியாது.

“நான் வாசிக்கிறேன்டா. நீ அந்த வண்ட மட்டும் அடக்கு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். டியூப் லைட்டை அணைத்தேன், ஃபேனை நிறுத்தினேன். கிட்டாரிலிருந்து வரும் சாதா ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேலே கம்பி வலை பின்னிய ஒயரைப் போட்டேன். கிட்டாரின் வயிற்றைத் திறந்து, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காயிலைச் சுற்றிலும் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டினேன். பக்கத்து போர்ஷன் ஜமீலா அக்காவிடம் தையல் மோட்டாரை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். “ஒரு மணி நேரம் இன்னா, மத்தியானம் வரைக்கும் நிறுத்தறேன், போ. அவரு மெட்டாச்சே” என்றார். வண்டு பாதி அடங்கியது. வேர்வையில் நான் முழுசாக நனைந்துபோனேன்.

பிறகுதான் டேப் ரெக்கார்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் பிளக்கிலேயே இருக்கிறது. டேப் ரெக்கார்டரின் எர்த் ஒயரோ ஜன்னல் வழியாகப் போய்க் கொல்லைக் குழாயில் சுற்றிக் கிடக்கிறது. கட்டியது யார்? நான்தான். எர்த் இரண்டாக இருந்தால் இரட்டிப்பு நல்லது என்ற மேதாவித்தனம். ஒயரால் இணைத்த இரண்டு பெட்டிக்கும் எர்த் வேறு வேறு இடத்தில் இருந்தால் அவற்றுக்கு நடுவே மின்சாரம் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்றல்தான் மாமா உங்கள் வண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டியதும் முக்கால்வாசி ஓய்ந்துவிட்டது.

“கிட்டார்ல கோளாறு, இல்லன்னா உங்க கையில கோளாறு” என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? கடைசியாகச் சொன்னபோது நீங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டீர்கள். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை மாமா. குறையெல்லாம் என் வாயில்தான்.

மிச்சம் கால்வாசி இருந்ததே, அதற்குக் காரணம் நீங்கள். நல்ல காரியத்தைக் கிழக்கே பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்று அசையாமல் உட்காருவீர்கள். அக்காவும் அப்படியே உட்கார்ந்தாள். டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி, கிட்டாரின் காயிலும் உட்காரும் திசைக்குத் தகுந்தபடி இரைச்சலைப் பிடிக்கும். அவளை மெல்லத் திரும்பச் சொன்னேன். தென்கிழக்கே கொஞ்சம் குறைந்தது. தெற்கே திரும்பினாள், சுத்தமாக நின்றுவிட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். “அடியே, தெக்கால பாத்துக்கினு யாராச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா? அது போனவங்க தெசைடி!”

அக்கா தலையைத் தூக்கவில்லை. “அதான்மா. அவரு கேக்க வேணாமா?”

அம்மா உள்ளே போய், இரைந்துகொண்டிருந்த ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் தடவையிலேயே சரியாக வந்தது. ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். மெட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாத ஒரு கணம். அதில் அக்கா மூச்சை இழுப்பது மைக்கில் பதிவாகிக் கேட்கிறது. நாடகக்காரருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. நோட்டீஸில் இசை என்று உங்கள் பெயரையும் வாசிப்பு என்று அவள் பெயரையும் போடுகிறார். “அந்த மூச்சு சத்தத்த மட்டும் வெட்டிடலாம்பா” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் உங்கள் பழைய டேப்பைப் போட்டேன். நீங்களும் தொடங்குமுன் மூச்சை இழுத்திருப்பீர்கள் அல்லவா? அதைத் தேடினேன். சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். நான் கட்டிவிட்ட இரைச்சல்தான் கேட்டதே தவிர, அதற்கு அடியில் நீங்கள் கிடைக்கவில்லை. பதிவானதைப் பிரித்தெடுக்க எனக்கு எந்த வித்தையும் தெரியாது மாமா. அழுதேன்.

மறுநாள் நாடகக்காரரிடம் போய், “மெட்டு வேணும்னா மூச்சோடதான்” என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: நான் இருக்கும்வரை அக்காவின் அந்த மூச்சை ஒருத்தர் கத்தரியும் தொடாது.

இப்படிக்கு,
உங்கள் கையைக் குறை சொன்ன மச்சினன்,
சேகர்