நூலால் அளந்த தூரம்

தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். ஆறு வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் என்றால் நமக்குள் சண்டைதான் வரும்.

பள்ளியில் என்னைவிட நான்கு வருடம் இளையவனைத் தலைமையாசிரியர் ஆக்கிவிட்டார்கள். வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று தெரியாதவன். நான் இன்னும் அதே புவியியல் வகுப்பில். நீ அனுப்பிய சட்டை பிரிக்காமல் இருக்கிறது.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். அடுத்த மாதம் பத்தாம் தேதி என்று டாக்டர் நாள் குறித்தார். “சின்னவனைப் பாக்காம மேசையில படுக்க மாட்டேன்” என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

இந்தத் தடவை நீ சாக்குச் சொல்ல முடியாதபடி, வர எத்தனை மணி நேரம் என்று எழுதியே அனுப்பிவிடலாம் என்று டிக்கெட் போடும் கடைக்குப் போனேன். ஆறு வருடத்துக்கு முன் அப்பா போன அன்றும் கணக்குப் போட்டவன் நான்தான். காலை ஐந்து மணிக்கு உனக்குச் செய்தி சொன்னேன். என் மேசை மேலிருக்கும் உலக உருண்டையில் உன் ஊருக்கும் நம் ஊருக்கும் நூல் பிடித்து அளந்தேன். எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். வீடு வந்து சேர இரண்டு மணி சேர்த்து, மாலை ஆறு வரை பொறுப்போம் என்றேன். “வாத்தியார் கணக்கு தப்புமா?” என்றார் சித்தப்பா. ஆறரைக்கு அப்பாவை எடுத்துவிட்டோம். நீ மறுநாள் பதினோரு மணிக்கு வந்தாய். பத்துப் பேர் கேட்க, “எங்கடா ஊர் சுத்திட்டு வர்றே?” என்று வாசலிலேயே கேட்டேன்.

உன் ஊரிலிருந்து நேர் விமானம் எப்போது என்று கேட்டதும் டிக்கெட் கடைப் பெண் சிரித்துவிட்டாள். “அந்த ஊருக்கு நேரா விமானமே கிடையாது சார். ரெண்டு எடத்துல மாறணும். நடுவுல ஒன்பது மணி நேரம் சும்மா உக்காரணும்” என்றாள். பதினோரு மணி நேரம்தான் என்று நான் வாதாடினேன். “அது வெறும் தூரக் கணக்கு சார். விமானம் என்ன, நூல் புடிச்ச மாதிரியா போகுது?” என்றாள். நான் நூலால் அளந்ததை யாரோ அவளிடம் சொல்லிக் கொடுத்தது போலிருந்தது. வீடு வந்து சேர்வது வரை கூட்டி, இருபத்தேழு மணி நேரம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் எப்படி என்று கேட்டேன். அப்போதும் இதே கதைதானாம்.

நீ முப்பது மணி நேரத்தில் வந்து சேர்ந்தாய். அப்படியென்றால் மூன்றே மணி நேரத்தில் டிக்கெட் எடுத்து, ஓடி, விமானம் ஏறியிருக்கிறாய். வீட்டுச் செருப்போடு வாசலில் நின்றாயே, அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அன்றே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

டாக்டரிடம் பேசி ஆபரேஷனைப் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டார். தம்பி வர வேண்டும், தூரம் அதிகம் என்றேன்.

நிதானமாகக் கிளம்பு. நல்ல செருப்பாகப் போட்டுக்கொள். வழியில் தாமதமானாலும் பதறாதே. நீ வந்து சேராமல் அம்மாவை உள்ளே அனுப்ப மாட்டேன். உனக்காக நான் வாசலில் நிற்பேன்.

அம்மாவின் ஆசியுடன்,
அண்ணன்