விரலுக்கு விடுமுறை இல்லை

அப்பச்சி,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் இன்று மாலை உமையாளின் கைக்கு வைக்கும் துணிகளை உப்புநீரில் நனைத்தபோது, அந்த ஈர வாடையோடு நீங்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

காய்ச்சலில் உங்கள் சின்ன மகள், என் தங்கை உமையாளின் வலக்கை விழுந்தபோது நீங்கள் ரங்கூனில் இருந்தீர்கள். மணிக்கட்டு தொங்கிவிட்டது, விரல்கள் நிமிரவில்லை. கடிதம் கண்டதும் கப்பலேறி வந்தீர்கள். கூடவே ஒரு மரப்பெட்டி. உள்ளே பாட்டரியும் கம்பிச் சுருளும்; உப்புநீர்த் துணி வழியே கைக்கு மெல்லிய கரண்டு கொடுப்பது. மதுரை டாக்டரம்மா அந்தக் கரண்டை அவள் கையில் வைத்துப் பார்த்து, “சதை துடிக்கிறது. நரம்பில் உயிர் இருக்கிறது” என்றார். விரல் எழும்போது குழந்தையும் கூடவே தூக்கப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அது ஒருவர் மனதிலும் நிற்கவில்லை. பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்றிருந்தோம். உமையாள் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு முற்றத்துக் குருவிகளை வேடிக்கை பார்ப்பாள்.

“கரண்டு தூக்குது, நிறுத்துனா விழுது. இவ கை இவ பேச்சை எப்பத்தான் கேக்கும்?” என்பாள் ஆத்தா.

சரஸ்வதி பூசையன்று ஆத்தா அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, என் புத்தகங்களோடு பூசையில் வைத்துவிட்டாள். அன்று எதையும் தொடக்கூடாது. ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன். உமையாள் வழக்கம்போல் உங்கள் முன் வந்து உட்கார்ந்தாள்.

“பொட்டிக்கு இன்னைக்கு லீவுத்தா” என்றீர்கள்.

“அப்ப என் வெரலுக்கும் லீவுதானே?”

“பொட்டிக்குத்தான் சந்தனம் வச்சிருக்கு. ஒன் வெரலுக்கு யாரு லீவு கொடுத்தா?”

வெறுந்துணியை அவள் முன்கையில் வைத்து, பெட்டியைப்போல் வாயாலேயே “ர்ர்ர்” என்றீர்கள்.

“ரங்கூன்ல நாலு பேருக்குப் புத்தி சொல்றவுக, இங்கன வந்து வண்டு மாதிரி கத்துறீக” என்றாள் ஆத்தா.

உமையாள் சிரித்தாள். சிரித்தபடியே தன் கையைப் பார்த்தாள். அதற்குமுன் அவள் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. நடுவிரல் ஒரு நெல் உயரம் எழுந்தது. ஆத்தாதான், “இன்னொரு வாட்டி கத்துங்க” என்றாள்.

மறுநாளிலிருந்து கரண்டு தூக்கும்போதெல்லாம் உமையாளும் தூக்கினாள். விரல்கள் கொஞ்சம் பிடிபட்டதும் பனையோலைக் கீற்றுகளைக் கொடுத்துச் சின்னக் கூடையாய்க் கொட்டான் முடையச் சொன்னீர்கள். அவளுடைய முதல் கொட்டான் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். அதில்தான் வெற்றிலை வைப்பேன் என்று ரங்கூனுக்கும் எடுத்துப் போனீர்கள். அங்கிருந்து உங்கள் சாமான்கள் மட்டும் திரும்பி வந்தபோது, கொட்டானும் வந்தது. உள்ளே பாக்கு இருந்தது.

இப்போது நான்தான் கரண்டு வைக்கிறேன். நீங்கள் செய்ததுபோலவே முதலில் என் கையில் வைத்து அளவு பார்த்துக்கொள்கிறேன். கட்டைவிரல் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அதை மறைத்து எழுத மாட்டேன். அவள் சோர்ந்து உட்காரும்போது, யாரு லீவு கொடுத்தா என்று என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன். சில சமயம் சிரிக்கிறாள். சில சமயம் அழுதுவிட்டுக் கையை நீட்டுகிறாள்.

இன்னும் எழுதியிருப்பேன். “போதும்க்கா, கண்ணு கெட்டுரும்” என்று உமையாள் எழுந்து போனாள். சுவரிலுள்ள பித்தளைச் சுவிட்சு ஆத்தாவுக்கே கடினம். உமையாள் எப்போதும் இடக்கையால்தான் தள்ளுவாள்.

இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன், அப்பச்சி. விளக்கை அணைத்துவிட்டாள், வலக்கையால்.