ஆகஸ்டில் ஆப்பிரிக்கா

என்னங்க, நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிடாதீர்கள். ஹாட் பாக்ஸில் இட்லி இருக்கிறது. நேற்று கோபத்தில் சாப்பிடாமல் போனதற்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

நான்தான் ஜெயித்தேன்! சஃபாரிக்கு ஆகஸ்ட்தான் சரி. “ஆகஸ்ட்ல அங்க வெயில் மண்டையப் பொளக்கும்டி, பிப்ரவரியில போலாம்” என்று குதித்தீர்களே, கென்யாவில் அப்போது குளிராம். ஸ்வெட்டர் வேண்டுமாம்! புல் காய்ந்துவிடுவதால் சிங்கம் ஒளிய இடமிருக்காது. வரிக்குதிரைகள் கூட்டம் கூட்டமாக ஆறு தாண்டுமாம், முதலை வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்குமாம். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பலாப்பழ சீசனும் முடிந்திருக்கும். பண்ருட்டியிலிருந்து உங்கள் அக்கா பழத்தோடு வருவார் என்று சாக்குச் சொல்ல முடியாது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டால் உங்கள் நிலக்கரி மைன்ஸில் தண்ணீர் இறைக்கவே ஆள் போதாது, யார் லீவு தருவார்கள்? இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நானும் கொடுக்கிறேன்.

— தமிழரசி

கேஸ் சிலிண்டர் வரும். பெல் அடித்தால் எழுந்திருங்கள்.

இன்னொன்று. இங்கே நீங்கள் வரும்போது நான் கிளம்புகிறேன், நான் வரும்போது நீங்கள் தூங்குகிறீர்கள். கிடைக்கிற கொஞ்ச நேரத்திலும் சண்டை. காட்டில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட்!