நித்யாவுக்கு எந்தப் படிப்பு, எந்த நாடு

2007 ஜூன் 3, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. மொட்டை மாடியில் காயவைத்த வற்றல் முழுக்க மண். கொட்டிவிட்டேன்.

வாங்க வேண்டியது: உளுந்து, நல்லெண்ணெய், நித்யாவுக்குச் செருப்பு. ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் (மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று).

எந்தப் படிப்பு என்று யாரும் கேட்பதில்லை இப்போது. எந்த நாடு என்று கேட்கிறார்கள். நாட்டைச் சொன்னால் படிப்பை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்கா என்றால் கம்ப்யூட்டர். ஆஸ்திரேலியா என்றால் அக்கவுண்ட்ஸ். அயர்லாந்து, இங்கிலாந்து என்றால் நர்சிங். துபாய் என்றால் எது படித்தாலும் சரியாம். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று வரிசையாகச் சொன்னார், பஸ் ரூட் சொல்வது போல.

நித்யாவுக்குக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப். மதிப்பெண் நன்று. மருத்துவத்துக்குப் போதாது. மற்ற எதற்கும் போதும். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

“எதுன்னாலும் சரிம்மா.”

டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 6, புதன்

மதினி விருதுநகரிலிருந்து வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. மகன் செந்தில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. நித்யாவுக்கு முறை மாப்பிள்ளை. இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்று சொன்னார்.

“கம்ப்யூட்டர்ல பி.இ. சேத்து விடுங்க. நாலு வருசம். முடிச்ச கையோட கல்யாணம். செந்திலு அழைச்சிட்டுப் போயிருவான். நம்ம புள்ள நம்ம வீட்டுக்கே வந்த மாதிரி இருக்கும்.”

அங்கே வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன்.

“வேலைக்கு எதுக்குத்தா போகணும்? செந்திலு கூட்டாளி பொஞ்சாதியும் பி.இ.தான். வீட்டுலதான் இருக்கா. பெரிய வீடு, பெரிய காரு. ராணி மாதிரி.”

அந்தப் பெண் ராணி மாதிரி இருக்க முடியாது. கணவனின் விசாவில் போனவர்களுக்கு அங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. கல்லூரியில் உடன் வேலை பார்ப்பவரின் மகளும் இப்படித்தான் இருக்கிறாள். மூன்று வருடமாக ஜன்னல் வழியே பனி பார்க்கிறாளாம்.

நான் நர்சிங் என்றேன். நான்கு வருடப் படிப்பு, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி அனுபவம், ஒரு ஆங்கிலத் தேர்வு. பிறகு தன் பெயரில் வேலை, தன் பெயரில் விசா. யாருடைய பின்னாலும் போக வேண்டாம்.

மதினி இவரைப் பார்த்தார். “எலே தம்பி, நம்ம வீட்டுப் புள்ள பீத்தட்டுத் தூக்கவா வெளிநாடு போகணும்?”

இவர் இன்னொரு தோசை கேட்டார்.

நான்கு வருடம் கழித்து எந்த நாட்டில் எந்த ஆளுக்குத் தட்டுப்பாடு வரும் என்று சிவகாசியில் உட்கார்ந்து முடிவு செய்கிறோம். நான் சொல்வதும் அந்தக் கணிப்புதான். தெரிந்தே சொல்கிறேன்.

ஜூன் 9, சனி

மதியம் சாதம் வடிக்கும்போது சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து தெற்கே பார்த்தார்கள். புகை தெரிந்தது.

இவருடைய பட்டாசுக் கம்பெனி தாயில்பட்டிப் பக்கம். கூட்டாளிகளோடு சேர்ந்து நடத்துகிறார். போன் வந்தது.

“நம்மது இல்ல.”

“சரி.”

வைத்துவிட்டேன். சாதம் குழைந்திருந்தது. கையில் நடுக்கம் வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. முதல் பத்து வருடங்களில் வரும்.

நித்யா கேட்டாள், “யாரு கம்பெனின்னு கேட்டியா?”

“இல்ல.”

“எத்தனை பேருன்னு?”

“இல்ல.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு விசாரிக்கப் போனாள். திரும்பி வந்து சாப்பிடவில்லை.

ஜூன் 11, திங்கள்

இவர் முடிவு செய்துவிட்டார். அதாவது, முடிவு செய்யப் போவதில்லை என்று. பூக்கட்டிப் பார்க்கலாம் என்கிறார்.

புது ஷெட் போட, லாரி வாங்க, சீசன் முதல் லோடு அனுப்ப, எல்லாவற்றுக்கும் பூதான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். காரியாபட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் ஆத்தா காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் கல்யாணத்துக்கும் பார்த்தார்களாம். வெள்ளை வந்ததாம். பொட்டலம் கட்டியது யார் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

மதினி போனில்: “சிவப்பு பி.இ.க்கு. மங்கலமான நிறம். வெள்ள நர்சுக்கு. அவுக உடுப்பும் வெள்ளதான, பொருத்தம்.”

இவரிடம் சொன்னேன்: வேதியியல் பாடம் நடத்துகிறவள் வீட்டில் இப்படி ஒரு முடிவா? இவர் கோபப்படவில்லை. “ஒனக்கு நம்பிக்கை இல்ல. அதான் நல்லது. பொட்டலத்தை நீயே கட்டு. அக்கா கட்டினா அவ ஆசை அதுல ஏறிரும். நீ எதுக்கும் ஆசைப்படாதவ.”

கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னைப் பற்றி அவர் நினைத்திருப்பது இதுதான் என்று இன்று தெரிந்தது.

ஜூன் 14, வியாழன்

கல்லூரி திங்கட்கிழமை திறக்கிறது. ஆய்வகச் சாவி துறைத்தலைவரிடம். பியூரெட் உடைந்தவற்றுக்கு ஆர்டர் போட வேண்டும்.

செந்தில் போனில் பேசினான். நல்ல பிள்ளை. “அத்தை, இங்க நர்சுக்கும் நல்ல மதிப்பு” என்றான். மதினி சொல்லிப் பேசியிருக்க முடியாது, அமெரிக்காவிலிருந்து அவனாகவே பேசியிருக்கிறான். நித்யாவிடம் கொடுக்கவா என்றேன். வேண்டாம் என்று அவளே கையை ஆட்டிவிட்டாள்.

ஜூன் 15, வெள்ளி

எழுந்ததும் கொல்லையில் வெள்ளைப் பூப் பறித்தேன். நந்தியாவட்டை. செவ்வரளிச் செடி பக்கத்திலேயே நிறையப் பூத்திருந்தது.

பொட்டலத்துக்குத் தாள், அச்சகத்திலிருந்து வந்த லேபிள் கழிவு. ஒரே படம், ஒரே அளவு. இரண்டிலும் நந்தியாவட்டை வைத்து மடித்தேன். நூல் சுற்றினேன். கை நிதானமாக இருந்தது. மனசாட்சி என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

வேனில் இவர், நான், நித்யா. மதினி கோயிலுக்கு நேராக வந்துவிட்டார். மற்ற தடவைகளில் நான் வேனிலேயே உட்கார்ந்திருப்பேன், விடைத்தாள் திருத்திக்கொண்டு. இன்றுதான் முதன்முதலாக உள்ளே நின்றேன்.

பூசாரி பொட்டலங்களை ஆத்தா காலடியில் உருட்டிவிட்டார். கோயில் வாசல் பூக்கடைக்காரம்மாவின் பேத்தி, மூக்கு ஒழுகிக்கொண்டு, ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

மதினி முகம் சுருங்கியது. இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முடிந்தது என்று நான் திரும்பினேன்.

முடியவில்லை. பூசாரி இரண்டாவதை எடுத்தார். அதையும் பிரித்துக் காட்ட வேண்டுமாம், அதுதான் வழக்கமாம். ஆத்தா எதை வேண்டாம் என்றாள் என்று எல்லோரும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் இத்தனை வருடம் வேனில் இருந்திருக்கிறேன்.

நூலை அவர் பல்லால் கடித்து அறுத்தார். வெள்ளை.

 பூசாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உடம்பெல்லாம் உதறிக்கொண்டு கத்தினார்: “ஆத்தா சிவப்ப மாத்திட்டாளே! ரெண்டு கையாலயும் குடுத்துட்டாளே!”

இவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது சட்டையெல்லாம் மண், கண்ணெல்லாம் தண்ணீர். இவர் அழுது நான் பார்த்ததில்லை. இவர் அப்பா செத்தபோதும் இல்லை. “பாப்பா, ஒனக்கு ஆத்தாவே வழி சொல்லிட்டா பாரு.” நித்யாவின் நெற்றி முழுக்கத் திருநீறு. அவள் கீழே கிடந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேனருகே மதினி என் பக்கம் வந்தார். மெதுவாக:

“எம்புட்டுப் படிச்சிருக்க. ரெண்டாவதையும் பிரிப்பாகன்னு தெரியலையாக்கும்.”

நான் வேன் கதவைத் திறந்தேன்.

“சொல்ல மாட்டேன். எந் தம்பி மொகத்துல இப்படி ஒரு தெளிச்சிய நான் பாத்ததே இல்ல. அதுக்காகச் சொல்ல மாட்டேன், ஒனக்காக இல்ல.”

வழியில் டீ. வடை எண்ணெய். சாப்பிட்டேன்.

ஜூன் 19, செவ்வாய்

கல்லூரி. முதலாமாண்டு வேதியியலில் சேர்க்கை குறைவு. “இதப் படிச்சா எங்க மேடம் போகலாம்?” என்று ஒரு பெண். டீச்சர் ஆகலாம் என்றேன். அவள் தாயார், “அதுக்கு இல்ல மேடம், எந்த நாட்டுக்கு?”

இவர் பூக் கதையை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கூட்டாளிகள், லாரி டிரைவர், லேபிள் அச்சகம். கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் பெண்கள் இருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“அக்கா, ஆத்தா ரெண்டு பூக் குடுத்த படிப்பு எதுக்கா? எம் மகளையும் அதுலயே சேத்துவிடப் போறேன்.”

“அதுக்குப் பயாலஜி எடுத்திருக்கணும்” என்றேன்.

“அவ காமர்ஸாம். ஆத்தா பாத்துக்கிட மாட்டாளா?”

மற்றவள், “ஏ, நீ வேற. ஆத்தா என்ன யூனிவர்சிட்டியா?” இருவரும் சிரித்தார்கள். நித்யாவைக் கூப்பிட்டு அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நித்யா கையை உருவிக்கொள்ளவில்லை. அவர்கள் போனதும் கழுவினாள், வெகு நேரம்.

ஜூன் 24, ஞாயிறு

நாகர்கோவில் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வியாழன் சேர வேண்டும். விடுதி உண்டு.

எடுத்துவைக்க: போர்வை, வாளி, பூட்டு, வெள்ளை சுடிதார், தட்டு, தம்ளர், தலைவலித் தைலம்.

பி.இ. கலந்தாய்வு அழைப்பும் வந்தது. இவர் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். படிப்பு மாறும். கோயில் போய்விடும். இவருக்கு அதன் பிறகு எதில் பிடிப்பு இருக்கும் என்று தெரியவில்லை. தினமும் அந்தக் கம்பெனிக்குள் போய் வர இவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. எனக்கு அது வேண்டியிருப்பதில்லை. நான் உள்ளே போகிறவள் இல்லை.

சொல்லவில்லை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ஜூன் 28, வியாழன்

நாகர்கோவில். கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் எழுதுகிறேன். நித்யா உள்ளே, விடுதிக் காப்பாளரோடு. தூறல். ஊரில் இல்லாத பச்சை.

இவர் வரவில்லை. லோடு. பஸ் ஏற்றும்போது, “ஆத்தா துணைக்கு வர்றா, நான் எதுக்கு?” என்றார். குரல் சரியாக இல்லை.

பஸ் சிவகாசி தாண்டியதும் நித்யா பேசினாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே.

“அன்னிக்கு நீ அரளில கையே வைக்கலை. மாடில பல் வெளக்கிட்டு நின்னேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“அத்த வீட்டுக்கு ஏத்தி விடாம இருந்தாச் சரின்னு நெனச்சேன்.”

அப்படியானால் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. சொல்லவும் சொன்னேன். உன் பெயரில் வேலை, உன் பெயரில் விசா, யாரையும் நம்பி இருக்க வேண்டாம். வகுப்பில் சொல்வது போல் சொன்னேன்.

கேட்டு முடித்தாள். “எல்லாம் சரிம்மா. அத்தையும் எந்த நாடுன்னுதான் பேசுனாக. நீயும் அதான் பேசுன. போகணுமான்னு ஒருத்தரும் என்னையக் கேக்கலை. அப்பாவாச்சும் பூவக் கேட்டாக.”

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள், வேறு எதற்கோ.

இப்போது கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றால் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பிவிடலாம். அப்பாவிடம் பூவைப் பற்றி நானே சொல்கிறேன். சொல்லும்போது குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை.

“அப்பாகிட்டச் சொல்லாத. சொல்லவே கூடாது.”

“சரி. போகணுமா, வேண்டாமா?”

சாத்தூரில் பஸ் நின்றது. வெள்ளரிக்காய்க்காரி ஜன்னலில் கூடையை உயர்த்தினாள். “இளசுத்தா, வாங்கிக்கோங்க.” நித்யா வாங்கினாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். பஸ் கிளம்பியதும் சொன்னாள்.

“போறேன். நெசமாவே போயிருவேன். ஆனா போன பெறகு எப்ப வருவ, எப்ப வருவன்னு கேக்கக் கூடாது. அப்பா கேக்கலாம். நீ கேக்கக் கூடாது.”

சரி என்றேன்.