காரில் உட்கார்ந்திருந்த பெண்

அன்பு மகள் சகாயராணிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவர், மற்றபடி ஒரு குறையும் இல்லை. கம்போடியாவில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டுமென்று போன சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோவில் பேசினால் உன் அப்பா நடுவில் தலையை நீட்டிக்கொண்டு என்னை முடிக்க விடுவதில்லை, நீயும் பாதியிலேயே கோபித்துக்கொள்வாய். இதை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. வியாழக்கிழமை உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் சிஸ்டரிடம் இதையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் எதிர்வீட்டு கஸ்தூரி செய்த கூத்தைச் சொல்கிறேன். கம்போடியாவுக்கு வேலை என்று கூட்டிப்போய் ஆன்லைனில் திருட வைக்கிறார்கள் என்று டிவியில் பார்த்திருக்கிறாள். அது தெரியாமல் உன் அப்பா, நீ அனுப்பிய ஆண்டு விழா வீடியோவை அவளிடம் ஆசையாகக் காட்டினார். அதில் பிள்ளைகள் எல்லாரும் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டுகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, காப்பாத்தச் சொல்லி கையத் தூக்குதுங்க, நீ இன்னா சிரிச்சுக்கினு இருக்கற" என்று கேட்டாள். காது கேளாத பிள்ளைகளின் கைதட்டல் அப்படித்தான் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அப்பாவை அவருடைய ஆட்டோவிலேயே ஏற்றி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த ஏட்டு வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டு, டான்ஸ் நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கப் போகிறேன் என்று நீ மெசேஜ் போட்டாயே, அன்று எனக்கு வந்த கோபத்தில் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது கூட உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வயசு இருபத்தெட்டு ஆகிறது, இவள் வரும்வரை மாப்பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்பார்களா என்று நினைத்து, உன்னைக் கேட்காமலே கஸ்தூரியிடம் சொல்லிவிட்டேன். அவள் நாலே நாளில் வில்லியனூர் பக்கம் ஒரு இடம் பிடித்தாள். பையன் பெயர் பாக்யராஜ், சேதராப்பட்டு கம்பெனியில் சூப்பர்வைசர், குடிப் பழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையனும் அவன் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். உன் அப்பா முதல்நாள்தான் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார், அது காயவில்லை, பையன் வெள்ளைச் சட்டையில் பச்சைக் கோடோடு வந்து உட்கார்ந்தான்.

பையனின் அம்மா, பொண்ணு அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு அப்பா டீச்சர் என்றார். "இன்னா சப்ஜெக்ட்டு?" என்று அந்தம்மா கேட்டார். அப்பா யோசித்துவிட்டு, "கை" என்றார். நான்தான் காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள், சம்பளத்துக்கு இல்லை, சேவையாகப் போயிருக்கிறாள் என்று விளக்கினேன். அந்தம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஊமைப் பசங்களுக்கா? கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் வேணாம்மா. வயித்துல புள்ள இருக்கச்சொல்ல அதுங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா பொறக்கறதும் அப்பிடியே பொறக்கும்" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் ராணி. நல்ல இடம், இதற்காக விட்டுவிடக் கூடாது என்று தலையைத்தான் ஆட்டினேன். அடுப்பில் டீத்தண்ணீரை வைத்துவிட்டு, கார் டிரைவருக்கும் டீ வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் வெளியே போனேன்.

டிரைவர் யாரும் இல்லை, பையன்தான் ஓட்டி வந்திருக்கிறான். பின் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது, முகமெல்லாம் வேர்வை. வாம்மா உள்ளே என்று கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. என்ன திமிர் என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன், எதிர்வீட்டிலிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாளே தவிர இவள் பார்க்கவில்லை. அப்புறம் என் நிழல் மேலே விழுந்ததும்தான் பதறித் திரும்பினாள். காது கேளாத பெண் என்று அப்போதுதான் புரிந்தது. நீ வீடியோவில் காட்டித்தந்ததில் 'டீ குடிக்கிறாயா' என்பது ஞாபகம் இருப்பது போல இருந்தது, கையைக் கன்னத்துப் பக்கம் கொண்டுபோய் அதைச் செய்தேன். நான் மறந்ததா, அந்த ஊர்க் கை வேறு இந்த ஊர்க் கை வேறா தெரியவில்லை, அவள் என் கன்னத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பையைத் திறந்து பல்வலி மாத்திரை எடுத்து நீட்டினாள். இல்லை இல்லை என்று நான் தலையாட்ட, சின்னதாக இருந்தால் போதுமா என்று பாதியாக உடைத்தாள். நான் உள்ளே ஓடிப்போய் டீயையே கொண்டுவந்து காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சத்தமே வராமல் உடம்பு முழுக்கக் குலுங்கிச் சிரித்தாள். காரில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடித் தூசியில் செல்வகுமாரி என்று பெயர் எழுதினாள். பாக்யராஜின் தங்கை. நான் உன் வீடியோவைக் காட்டினேன், பிள்ளைகள் கையைத் தூக்கி ஆட்டிய இடத்தில் அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

உள்ளே பெண்ணின் அம்மாவைக் காணோம் என்று தேடல். அப்பா வந்து, நாங்கள் இரண்டு பேரும் காருக்குள் கையைத் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கதவு திறக்க வரவில்லையாக்கும் என்று வெளியிலிருந்து பிடித்து இழுத்தார். பின்னாலேயே அந்தம்மாவும் பையனும் வந்தார்கள். இந்த வெயிலில் பெண்ணை ஏன் காரில் விட்டீர்கள் என்று கேட்டேன். "சம்பந்தம் பேசற எடத்துல எதுக்குன்னுதான். கேட்டா ஆயிரம் பதில் சொல்லணும்" என்றார். அதற்குள் செல்வகுமாரி அண்ணனைப் பார்த்து வேகமாகக் கையால் ஏதோ கேட்டாள், அவனும் அதே வேகத்தில் கையால் பதில் சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "அவகிட்ட பேசத் தெரிஞ்ச நீயே அவள வெளிய விட்டுட்டு வந்தியாப்பா?" என்றேன். அவனுக்குக் கண் கலங்கியது. நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலியில் உட்கார வைத்து, கேசரியை முதலில் அவளுக்கு வைத்தேன். அந்தம்மா தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். செல்வகுமாரி கேசரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்தச் சம்பந்தம் போனது போனதுதான், கஸ்தூரி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் நேற்று சாயங்காலம் பாக்யராஜே தங்கையை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இங்கே வர வேண்டும் என்று பிடிவாதமாம். தலையைக் குனிந்துகொண்டு, "நான் அப்பவே எறங்க வெச்சிருக்கணும்மா" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. செல்வகுமாரி நோட்டில் எழுதிக் கேட்டாள், எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள், இனிமேல் படித்து உங்கள் மகள் மாதிரி நானும் டீச்சர் ஆக முடியுமா என்று. முடியும் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், நீதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். காது கேளாதவர்கள் ஆளுக்கு ஆள் கையால் ஒரு பெயர் வைப்பார்களாமே, எனக்கும் வைத்துவிட்டாள்: இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையால் விரலை ஆட்டுவது. அண்ணன்காரன் அடையாளம் சரியாக இருக்கிறது என்று சிரித்தான். அப்பா தனக்கும் கேட்டார், அவள் அவர் வயிற்றைப் பார்த்தாள், அதற்குமேல் அவர் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறேன்.

நீ கம்போடியாவுக்குக் கிளம்பிய அன்று, ஊமைப் பிள்ளைகளுக்குக் கையாட்டவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று உன் காதில் விழும்படி சொன்னேன். பையனின் அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோதுதான் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மன்னித்துக்கொள் ராணி. இன்னும் ஒரு வருஷம் இரு. உன் பிள்ளைகளை விட்டுவிட்டு வராதே.

சொல்லாமல் கல்யாணப் பேச்சு எடுத்ததற்கு இப்போது கோபித்துக்கொள்ளலாம். பாக்யராஜ் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நேற்றும் அதே வெள்ளைச் சட்டையில்தான் வந்தான், பெயிண்ட் போகவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஜெபமாலையை மறக்காதே, செல்வகுமாரிக்கு எந்தப் படிப்பு என்று இந்த வாரமே எழுது, அவள் வரும்போதெல்லாம் கேட்பாள். மாதா உன் கூடவே இருக்கட்டும், உன் பிள்ளைகள் எல்லாருக்கும் என் முத்தம்.

உன் அம்மா,
ரோசம்மாள்
(அப்பாவும் ஆசீர்வதிக்கிறார், எட்டிப் பார்த்துக்கொண்டே)